ஜோர்ஜ் ஸ்ட்ரைசிங்கர்: அகதிச் சிறுவன் தேர்ந்தெடுத்த சிறிய மீன்

1944ஆம் ஆண்டு மே மாத நடுப்பகுதிக்கும் யூலை மாதத் தொடக்கத்துக்கும் இடைப்பட்ட எட்டு வாரங்களில், ஹங்கேரியிலிருந்து 4 இலட்சத்துக்கும் அதிகமான யூதர்கள் புகையிரதங்களில் அடைத்து ஏற்றப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலானோர் அவுஷ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அதே ஆண்டில், புடாபெஸ்டில் பிறந்த யூதச் சிறுவன் ஒருவன் நியூயோர்க் நகரில் பாடசாலைப் படிப்பை முடித்தான். வயது பதினாறு. அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகத்தின் ஆய்விதழில் தியோடோசியஸ் டொப்ஷான்ஸ்கி என்ற புகழ்பெற்ற மரபியலாளரின் பெயருக்குப் பக்கத்தில் அவனுடைய பெயரும் அந்த ஆண்டில் அச்சாகியது. வெவ்வேறு நிலப்பகுதிகளைச் சேர்ந்த பழ ஈக்கள் ஒன்றோடொன்று இணைசேர்வதைப் பற்றிய கட்டுரை அது. சிறுவனின் பெயர் ஜோர்ஜ் ஸ்ட்ரைசிங்கர்.

இன்று உலகெங்கும் ஆயிரக்கணக்கான ஆய்வுகூடங்களில் கண்ணாடித் தொட்டிகளுக்குள் நீந்திக்கொண்டிருக்கும் வரிமீனை மரபியலுக்குள் கொண்டுவந்தவர் இவர்தான். சீப்ரா மீன் என்ற பெயரில் எங்கள் ஊர் அலங்கார மீன் கடைகளிலும் அதைக் காணலாம். நீல வரி ஓடிய, ஒன்றரை அங்குல மீன். இருதயம் ஏன் தாளம் தவறுகிறது, பிள்ளைக்கு ஏன் வலிப்பு வருகிறது, நரம்பு எப்படித் தசையைத் தேடிப் போகிறது என்ற கேள்விகளுக்கு இந்த மீனிடம் பதில் தேடலாம் என்று அறுபதுகளின் இறுதியில் நினைத்த முதல் ஆள் அவர். அந்தக் காலத்தில் இதைக் கேட்டிருந்தால் பலர் சிரித்திருப்பார்கள்.

1927 டிசம்பர் 27ஆம் திகதி அவர் பிறந்தபோது ஹங்கேரியில் யூதர்களுக்கு எதிரான சட்டம் புதிய விடயமல்ல. 1920ஆம் ஆண்டிலேயே அந்த நாடு பல்கலைக்கழக அனுமதியை இனவிகிதப்படி மட்டுப்படுத்தியிருந்தது. அப்படியொரு சட்டம் ஒரு தலைமுறையின் வாழ்க்கையை எப்படித் திருப்பிப்போடும் என்பதை எங்கள் வாசகர்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 1938இல் தொழில்களிலும் கட்டுப்பாடு வந்தது. உலக யுத்தம் வெடிப்பதற்கு முன்னரே ஸ்ட்ரைசிங்கரின் பெற்றோர் பிள்ளையுடன் அமெரிக்காவுக்குப் புறப்பட்டுவிட்டார்கள். யுத்தத்தில் அகப்பட்டவர்களுக்கும் தப்பியவர்களுக்கும் இடையில் இருப்பது பல வேளைகளில் ஒரு பயணச்சீட்டும் சில மாத கால வித்தியாசமும்தான்.

நியூயோர்க்கில் அரச பாடசாலைகளில்தான் படித்தார். பணம் கட்டாமல், திறமையால் மட்டும் நுழையக்கூடிய பிரொங்ஸ் விஞ்ஞான உயர்தரப் பாடசாலையில் 1944இல் படிப்பு முடிந்தது. 1950இல் கோர்னெல் பல்கலைக்கழகப் பட்டம். 1953இல் இலினோய் பல்கலைக்கழகத்தில் சல்வடோர் லூரியாவின் வழிகாட்டலில் கலாநிதிப் பட்டம். அதன் பின் கலிபோர்னியாவில் மக்ஸ் டெல்புரூக்கின் ஆய்வுகூடம். லூரியா பாசிச இத்தாலியிலிருந்தும் பின்னர் பிரான்சிலிருந்தும் தப்பி வந்த யூதர். டெல்புரூக் ஹிட்லரின் ஜேர்மனியை விட்டு வெளியேறியவர். இருவரும் 1969இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். மூலக்கூற்று உயிரியல் என்ற புதிய துறை அமெரிக்காவில் வேரூன்றியதில் ஐரோப்பாவிலிருந்து ஓடிவந்தவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஸ்ட்ரைசிங்கர் படித்து வளர்ந்தது அந்த வட்டத்துக்குள்தான்.

அந்த வட்டத்தின் ஆய்வுப் பொருள் மீனல்ல. பற்றீரியாவைத் தாக்கும் வைரசு. மிகச் சிறியது, மிக விரைவாகப் பெருகுவது. ஒரே நாளில் கோடிக்கணக்கில் வளர்த்து, அவற்றுள் மாறிப்போன ஒன்றிரண்டை மட்டும் பிரித்தெடுக்கலாம். பிழைத்துப்போன ஒன்றைப் பார்த்து, சரியானது எப்படி இயங்குகிறது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் அவர்களுடைய வழி. இந்த வழியை ஸ்ட்ரைசிங்கர் கடைசிவரை கைவிடவில்லை. ஆய்வுப் பொருளைத்தான் மாற்றினார்.

1960இல் அவர் ஒரிகன் மாநிலத்தின் யூஜின் நகருக்கு வந்தார். பெரிய பல்கலைக்கழகங்கள் நிறைந்த கிழக்குக் கரையிலிருந்து வெகுதொலைவில், காடுகளும் மழையும் சூழ்ந்த ஊர். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் மூலக்கூற்று உயிரியல் நிறுவனம் ஒன்றைத் தொடங்கியிருந்தவர் ஆரன் நோவிக். அவர் அணுகுண்டைத் தயாரித்த மன்ஹற்றன் திட்டத்தில் வேலை செய்துவிட்டு, யுத்தத்தின் பின் உயிரியலுக்கு வந்தவர். அந்த நிறுவனத்தின் முதல் விஞ்ஞானிகளில் ஒருவராக ஸ்ட்ரைசிங்கர் சேர்ந்தார்.

வைரசுகளில் அவர் செய்த வேலைகளில் ஒன்றை இங்கே சற்று நின்று சொல்லவேண்டும். பரம்பரைச் செய்தி நான்கு எழுத்துக்களால் எழுதப்பட்டது. ஒரே எழுத்தோ ஒரே எழுத்துக் கோவையோ அடுத்தடுத்துப் பல தடவை வரும் இடங்களில், அதைப் பிரதி எடுக்கும் இழை வழுக்கிவிடலாம். வழுக்கினால் எண்ணிக்கை ஒன்று கூடும் அல்லது குறையும். நீண்ட மணிமாலையை எண்ணும்போது கை தவறுவதைப் போல. 1966இல் ஸ்ட்ரைசிங்கரும் அவருடைய குழுவினரும் முன்வைத்த விளக்கம் இது. அன்று வைரசுக்குச் சொன்ன இந்த விளக்கம் பல ஆண்டுகளின் பின் மனிதருக்கும் பொருந்தியது. மனிதரின் பரம்பரைச் செய்தியில் இப்படித் திரும்பத் திரும்ப வரும் கோவைகளின் எண்ணிக்கை ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. அந்த வேறுபாடு பெரும்பாலும் இத்தகைய வழுக்கல்களால் தலைமுறைகளாகச் சேர்ந்தது. புதைகுழியில் கிடைத்த எலும்பு யாருடையது என்று தாயின் இரத்த மாதிரியோடு ஒப்பிட்டுச் சொல்லும் பரிசோதனை எண்ணிப் பார்ப்பது இந்தக் கோவைகளைத்தான். பொஸ்னியாவில், ஸ்ரெப்ரெனிசாவில் கொல்லப்பட்ட ஆயிரக்கணக்கானோர் தங்கள் பெயர்களைத் திரும்பப் பெற்றது இந்த வழியில். செம்மணி, மன்னார், கொக்குத்தொடுவாய் என்ற பெயர்களோடு மரபணுப் பரிசோதனை என்ற சொல்லையும் கேட்டுப் பழகிய எங்களுக்கு இது வெறும் பாடப்புத்தகச் செய்தி அல்ல. அந்தப் பரிசோதனையைக் கண்டுபிடித்தவர் ஸ்ட்ரைசிங்கர் அல்லர். அது ஏன் சாத்தியமாகிறது என்பதற்கான அடிப்படையை முதலில் சரியாகச் சொன்னவர்களில் அவர் ஒருவர்.

இவ்வளவு வெற்றி பெற்ற துறையை நாற்பது வயதை அண்மித்த ஒருவர் ஏன் விட்டுப்போனார்? வைரசுக்கு மூளை இல்லை என்பதுதான் எளிமையான பதில். முள்ளந்தண்டுள்ள விலங்கொன்றின் நரம்புத்தொகுதி எப்படித் தன்னைத்தானே கட்டிக்கொள்கிறது என்பதை, வைரசில் செய்ததைப் போலவே, பிழைத்துப்போனவற்றைத் தேடிப்பிடித்து அறியவேண்டும் என்று அவர் விரும்பினார். எலி செலவு கூடியது; குட்டிகள் குறைவு; வளர்வதும் தாயின் கருப்பைக்குள், கண்ணுக்கு மறைவாக. அலங்கார மீன் வளர்ப்பில் அவருக்கு ஏற்கெனவே ஈடுபாடு இருந்தது. பார்வை வரிமீனில் விழுந்தது.

இந்த மீன் எங்கள் பிராந்தியத்துக்குரியது. இந்தியா, நேபாளம், வங்காளதேசத்தின் வாய்க்கால்களிலும் வயல் ஓரங்களிலும் வாழ்வது. கிழக்கிந்தியக் கம்பனியின் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் ஹமில்ற்றன், கங்கையின் கிளையான கோசி ஆற்றில் கிடைத்த மீனைக் கொண்டு 1822இல் அதை விஞ்ஞான உலகுக்கு விவரித்தார். அதன் பின் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அதற்குப் பெரிய வேலை இருக்கவில்லை. ஒரு பெண் மீன் கிழமைக்கு நூறு, இருநூறு முட்டைகள் இடும். மூன்று மாதங்களில் குஞ்சு தானே முட்டையிடத் தயாராகிவிடும். முட்டை தாயின் உடலுக்கு வெளியே கருக்கட்டி வளர்கிறது. அதைவிட முக்கியம், முளையம் கண்ணாடி போல ஊடுதெரிவது. நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால், ஒரு உயிர் உருவாவதை வெட்டாமல் கிழிக்காமல் பார்த்துக்கொண்டிருக்கலாம். பதினேழு மணித்தியாலமளவில் வால் தானாகச் சுருண்டு துடிக்கத் தொடங்குகிறது. ஒரு நாளில் இருதயம் அடிக்கிறது. மூன்று நாட்களுக்குள் குஞ்சு பொரிக்கிறது. ஐந்தாம் நாளில் இரை தேடி நீந்துகிறது.

அந்தத் துடிப்பும் அடிப்பும் நீச்சலும் எங்கிருந்து வருகின்றன என்பதைச் சொல்லாமல் இவருடைய கதையை விளங்கிக்கொள்ள முடியாது. ஒவ்வொரு கலத்தையும் ஒரு மென்சவ்வு மூடியிருக்கிறது. அதற்கு உள்ளேயும் வெளியேயும் சோடியம், பொற்றாசியம், கல்சியம் போன்றவை மின்னேற்றமுள்ள அயன்களாக, வெவ்வேறு அளவுகளில் நிற்கின்றன. மென்சவ்வில் சிறு வாயில்கள் உண்டு. அயன் கால்வாய் என்பது அவற்றின் பெயர். வன்னியில் குளத்துக்குத் துருசு எப்படியோ, கலத்துக்கு இவை அப்படி. துருசைத் திறந்தால் நீர் தன் பாரத்தாலேயே பாய்வதைப் போல, கால்வாய் திறந்ததும் அயன்கள் பாய்கின்றன. ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் நிகழும் அந்தப் பாய்ச்சல்தான் நரம்பின் செய்தியும், தசையின் இழுப்பும், இருதயத்தின் துடிப்பும். ஒவ்வொரு வகைத் துருசையும் செய்வதற்கான குறிப்பு ஒரு பரம்பரையலகில் இருக்கிறது. எல்லாக் கலத்திலும் எல்லாக் குறிப்புகளும் உண்டு. ஆனால் எந்தக் கலத்தில், எந்த மணித்தியாலத்தில், எந்தக் குறிப்பு வாசிக்கப்பட்டுத் துருசு கட்டப்படுகிறது என்பதில்தான் உடலின் ஒழுங்கு இருக்கிறது. விஞ்ஞானிகள் இதைப் பரம்பரையலகின் வெளிப்பாடு என்பார்கள். சோடியக் கால்வாயின் குறிப்பு உரிய நேரத்தில் நரம்பில் வெளிப்படாவிட்டால் முளையத்தைத் தொட்டாலும் அது விலகாது.

இந்தக் குறிப்புகளை எழுத்தெழுத்தாக வாசிக்கும் வசதி ஸ்ட்ரைசிங்கர் மீன் வேலையைத் தொடங்கியபோது இல்லை. மின்விலாங்கிலிருந்து முதலாவது சோடியக் கால்வாயின் பரம்பரையலகு வாசித்து வெளியிடப்பட்டது 1984இல். அவர் இறந்த ஆண்டும் அதுதான். பூட்டைக் காணமுன் திறப்பைச் செய்தவர் அவர் என்று சொல்லலாம்.

மீன் மரபியல் அவருக்குச் சுலபமாகக் கைவரவில்லை. பெரும்பாலான விகாரங்கள் பின்னடைவானவை. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பழுதான பிரதி வந்து சேர்ந்தால்தான் பழுது வெளியே தெரியும். அதாவது ஒரு மீனில் ஏற்படுத்திய மாற்றத்தைக் காண அதன் பேரப்பிள்ளைகள் வரை, அதுவும் நெருங்கிய உறவுகளைக் கலந்து, காத்திருக்கவேண்டும். வைரசுக்காரருக்கு இது பொறுக்க முடியாத தாமதம். அவர் குறுக்குவழி ஒன்றைத் தேடினார். ஆண் மீனின் விந்தைப் புறஊதாக் கதிரில் காட்டினால் அதன் பரம்பரைச் செய்தி அழிந்துவிடும். ஆனாலும் முட்டையை விழிக்கச் செய்யும் ஆற்றல் அதற்கு இருக்கும். அப்படி விழித்த முட்டையில் தாயின் செய்தி மட்டும், ஒற்றைப் பிரதியாக இருக்கும். அது முழு மீனாக வளராது. ஆனால் கலம் முதன்முதலாக இரண்டாகப் பிரியப்போகும் தருணம் பார்த்து வெப்பத்தால் ஓர் அதிர்ச்சி கொடுத்தால் அந்தப் பிரிவு தடைப்பட்டு, ஒற்றைப் பிரதி இரட்டையாகிவிடும். இப்போது கிடைப்பது தாயின் செய்தியை மட்டும், இரு பிரதிகளும் ஒன்றேயாகக் கொண்ட மீன். அதில் எதுவும் ஒளிந்திருக்க முடியாது. அதன் முட்டைகளிலிருந்து மீண்டும் இதே வழியில் எடுத்தால் அத்தனையும் ஒரே அச்சு.

சொல்லும்போது ஒரு பந்தி. செய்து முடிக்கச் சுமார் பத்து ஆண்டுகள். அந்தக் காலம் முழுவதும் மீனைப் பற்றி அவர் வெளியிட்டது மிகக் குறைவு. இன்றைய பல்கலைக்கழகங்களில் ஆண்டுக்கு எத்தனை கட்டுரை என்று எண்ணிப் பதவி உயர்வு கொடுக்கும் முறையில் அவர் தப்பியிருப்பாரா என்பது சந்தேகம். அருகில் உள்ள அல்பனி என்ற சிறு நகரின் செல்லப்பிராணிக் கடையில் எழுபதுகளின் இறுதியில் வாங்கிய மீன்களிலிருந்து இரண்டு வரிசைகளை வளர்த்தார். ‘ஏ’, ‘பி’ என்று பெயர். இரண்டையும் கலந்து வந்த ‘ஏபி’ வரிசைதான் இன்று உலகில் அதிகம் பயன்படும் ஆய்வு மீன்களில் ஒன்று. கோடிக்கணக்கான டொலர் பெறுமதியான ஆய்வுகளின் மூதாதையர் சில்லறைக் காசுக்கு வாங்கிய கடை மீன்கள். சார்லைன் வோக்கர் உள்ளிட்ட உதவியாளர்கள் தொட்டி கழுவி, முட்டை எடுத்து, எண்ணிப் பதிந்த வேலையில்தான் இதெல்லாம் நின்றது. 1981இல் ‘நேச்சர்’ இதழில் முறை வெளியாகியது.

உலகில் முதன்முதலாக முள்ளந்தண்டு விலங்கொன்றை நகலெடுத்தவர் என்று அவரைச் சிலர் எழுதுவதுண்டு. அது கொஞ்சம் மிகைப்படுத்தல். தவளையில் கருவை மாற்றி நகலெடுக்கும் வேலை அதற்கு முன்னரே நடந்திருக்கிறது. ஸ்ட்ரைசிங்கருக்கு நகல் ஒரு சாதனையாகத் தேவைப்படவில்லை, ஒரு கருவியாகத்தான் தேவைப்பட்டது.

அந்த வேலையில் அவர் அடையாளமாகப் பயன்படுத்திய மீன் வரிகள் வெளிறியது. அதற்குத் தங்கன் என்ற பொருளில் ‘கோல்டன்’ என்று பெயர். வரிசை இலக்கம் ‘பி1’. ஒரிகனில் பதிவான விகாரங்களில் முதலாவது. வெளிறுவதற்குக் காரணம் என்ன என்று அன்று யாருக்கும் தெரியாது. மீனை மட்டும் பத்திரமாகப் பெருக்கி வைத்திருந்தார்கள். இதற்குப் பின்னர் திரும்பி வருவோம்.

ஆய்வுகூடத்துக்கு வெளியே அவர் சும்மா இருந்த மனிதரல்லர். வியட்னாம் யுத்தத்துக்கு எதிராக யூஜின் நகரில் ஆட்களைத் திரட்டியவர்களில் அவர் ஒருவர். பல்கலைக்கழக வளாகத்துக்குள் யுத்தத்துக்கான ஆய்வுகள் நடக்கக்கூடாது என்று போராடி அதில் வெற்றியும் கண்டார். நிதி தருபவர் இராணுவம் என்றால் வாய்மூடிக்கொள்ளும் விஞ்ஞானிகள் எல்லா நாட்டிலும் உண்டு. அவர் அந்த வகையல்லர்.

அதைவிட நீண்ட போராட்டம் களைநாசினி பற்றியது. வியட்னாமின் காடுகளில் அமெரிக்க விமானங்கள் தெளித்த ‘ஏஜன்ட் ஒரேஞ்ச்’ இரண்டு களைநாசினிகளின் கலவை. அவற்றில் ஒன்றான 2,4,5-டி, வெட்டுமரங்களுக்கு இடையே வளரும் பற்றைகளை அழிப்பதற்காக ஒரிகனின் காடுகளிலும் வானிலிருந்து தெளிக்கப்பட்டது. அங்கே யுத்தம், இங்கே வியாபாரம், நஞ்சு ஒன்றுதான். காட்டோரக் கிராமங்களில் பெண்களுக்குக் கரு கலைவது பற்றிய முறைப்பாடுகள் எழுந்தன. 1979இல் அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் அந்த மருந்தைக் காடுகளில் தெளிப்பதை அவசரமாக இடைநிறுத்தியது. விகாரத்தை உண்டாக்கக்கூடிய களைநாசினிகளை அரச காடுகளில் பயன்படுத்துவதற்கு எதிராக ஸ்ட்ரைசிங்கர் தன் துறை அறிவைக் கொண்டு வாதாடினார். விகாரம் என்றால் என்னவென்று நாள்தோறும் தன் தொட்டிகளில் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். ஆயிரம் முளையங்களில் ஒன்று கோணிப்போவதை ஆய்வுக்காகத் தேடுபவருக்கு, அந்த ஆயிரத்தில் ஒன்று ஒரு வீட்டின் தொட்டிலில் நேர்ந்தால் என்ன என்பதும் தெரிந்திருந்தது.

மனைவி லொட்டே ஸ்ட்ரைசிங்கர் மட்பாண்டக் கலைஞர். உள்ளூர்க் கைவினைஞர்களும் தோட்டக்காரர்களும் இடைத்தரகர் இல்லாமல் தாங்களே விற்கும் சந்தை ஒன்றை 1970இல் யூஜினில் தொடங்கிவைத்தவர் அவர்தான். அந்தச் சனிக்கிழமைச் சந்தை இன்றும் கூடுகிறது. யூஜின் மக்களைக் கேட்டால் கணவரை விட மனைவியைத்தான் அதிகம் பேருக்குத் தெரிந்திருக்கும்.

1984இல், ஒரிகன் கரையோரக் கடலில் சுழியோடிக்கொண்டிருந்தபோது ஸ்ட்ரைசிங்கர் இறந்துபோனார். அவருக்கு 56 வயது. மீன் பற்றிய அவருடைய முக்கிய கட்டுரை வந்து மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. தனிமனிதர் ஒருவரின் விருப்பத்தில் தொடங்கிய ஆய்வு, அவரோடு முடிந்துபோவதுதான் வழமை. தொட்டிகளை மூடிவிட்டு வேறு வேலை பார்க்கலாம் என்று நிறுவனம் முடிவெடுத்திருந்தால் யாரும் கேள்வி கேட்டிருக்கமாட்டார்கள். ஆனால் அதே பல்கலைக்கழகத்தின் சார்ள்ஸ் கிம்மெல், மொன்ரி வெஸ்டர்ஃபீல்ட் முதலானோர் மீன்களைக் கைவிடவில்லை. வளர்க்கும் முறையைப் புத்தகமாக்கிப் பகிர்ந்தார்கள். முளையம் எந்த மணித்தியாலத்தில் எப்படி இருக்கும் என்று கிம்மெலும் அவருடைய குழுவினரும் 1995இல் வெளியிட்ட விளக்கம் இன்றும் எல்லா ஆய்வுகூடத்திலும் கைநூல். ஜேர்மனியில் கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்டும் அமெரிக்காவின் பொஸ்டனில் வொல்ஃப்காங் டிரீவரும் ஆயிரக்கணக்கான விகாரங்களைத் திரட்டி 1996இல் வெளியிட்டபோது, ஸ்ட்ரைசிங்கர் விட்டுச்சென்ற விதை தோப்பாகியிருந்தது.

துருசுகளின் கதை அதன் பின்புதான் வெளிச்சத்துக்கு வந்தது. ஒரிகன் தொட்டிகளில் கிடைத்த ஒருவகை முளையம் அசையவே அசையாது. ‘நிக்1’ என்று அதற்குப் பெயர். உருவம் ஒழுங்காக வளரும், இருதயம் அடிக்கும், வால் மட்டும் துடிக்காது. நரம்பின் செய்தியைத் தசையில் பெற்றுத் திறக்கவேண்டிய கால்வாய் அங்கே இல்லை என்று 1990இல் காட்டினார்கள். ஆனால் வியப்பு வேறிடத்தில் இருந்தது. பதிலே சொல்லாத அந்தத் தசையை நோக்கி நரம்புகள் வழக்கம்போல வழிதவறாமல் வளர்ந்து போய்ச் சேர்ந்திருந்தன. பாதை போடுவது ஒரு வேலை, பாதையில் செய்தி ஓடுவது இன்னொரு வேலை என்பது இதனால் தெளிவானது. ஸ்ட்ரைசிங்கர் வைரசை விட்டு மீனுக்கு வந்தது இந்த மாதிரியான ஒரு பதிலுக்காகத்தான். பழுது எந்தப் பரம்பரையலகில் என்று 1998இல் எழுத்துவரை தெரிந்தது.

இனி அந்த வெளிறிய ‘பி1’ மீன். பென்சில்வேனியாவில் கீத் செங்கின் குழு 2005இல் அதன் காரணத்தைக் கண்டுபிடித்தது. பழுதானது அயன்களைக் கையாளும் ஒரு பரம்பரையலகு. சரியாகச் சொன்னால் அது கால்வாய் அல்ல, கால்வாயின் உறவு. சோடியத்தைக் கொடுத்துக் கல்சியத்தையும் பொற்றாசியத்தையும் வாங்கும் பண்டமாற்றுக்காரர். அது சரியாக இயங்காவிட்டால் கலங்களில் கறுப்பு நிறமணிகள் நிறைவாக உருவாவதில்லை. மனிதரிலும் அதே பரம்பரையலகு உண்டு. அதில் ஒற்றை எழுத்து மாறிய வடிவம் ஐரோப்பியரிடம் ஏறத்தாழ எல்லோரிடமும், தெற்காசியரிடம் பரவலாகவும் இருக்கிறது. தோல் நிறம் வெளிறுவதற்கான முக்கிய காரணங்களில் அது ஒன்று. கல்யாணப் பேச்சில் பெண்ணின் நிறம் கேட்கும் எங்கள் சமூகத்துக்கு, அந்தப் பெருமையெல்லாம் நான்கு எழுத்துக்களில் ஒரு எழுத்துப் பிழை என்று ஒரு மீன் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஸ்ட்ரைசிங்கர் இறந்து 21 ஆண்டுகளின் பின் வந்த விடை அது. இனவிகிதச் சட்டத்துக்குள் பிறந்த ஒருவர் அதைக் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார் என்றுதான் எண்ணத் தோன்றுகிறது.

அடுத்த ஆண்டில், மீனின் வரிகள் குழம்பிப்போன ‘ஜகுவார்’ என்ற வகையின் காரணம் ஒரு பொற்றாசியக் கால்வாய் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். நிறக் கலங்கள் ஒன்றையொன்று தொட்டு விலகி வரிசை பிடிப்பதற்கும் துருசு வேண்டும் என்று அதற்கு முன் யார் நினைத்தார்கள்? 2013இல் கலிபோர்னியாவில் ஸ்கொட் பராபன் குழுவினர், நரம்பின் சோடியக் கால்வாய் ஒன்று பழுதான மீன் குஞ்சுகளைக் கொண்டு மருந்து தேடினார்கள். மனிதரில் அதே கால்வாயின் பழுது ட்ரவே என்ற கடுமையான குழந்தை வலிப்புநோயை உண்டாக்குகிறது. வழக்கமான மருந்துகள் பலவற்றுக்கு அது அடங்காது. குஞ்சுகளை வைத்திருக்கும் நீரில் மருந்தைக் கரைத்து, வலிப்பு நிற்கிறதா என்று பார்ப்பதுதான் முறை. நூற்றுக்கணக்கான மருந்துகளை இப்படிப் பார்த்ததில், ஒவ்வாமைக்குக் கொடுத்துக் கைவிடப்பட்டிருந்த கிளெமிசோல் என்ற பழைய மருந்து மீனின் வலிப்பை அடக்கியது. பிள்ளையின் உயிரோடு விளையாடாமல் இத்தனை மருந்துகளைச் சோதித்துப் பார்க்க வேறு வழி ஏது?

அலங்கார மீன் கடைகளில் நீளச் செட்டை வரிமீன் என்று ஒரு வகை விற்பார்கள். செட்டையும் வாலும் துணி போல நீண்டு தொங்கும். அழகுக்காகப் பெருக்கப்பட்ட வகை. பல பத்தாண்டுகளாக ஆய்வுகூடங்களிலும் இருந்தது. அதன் செட்டை ஏன் வளர்ச்சியை நிறுத்த மறக்கிறது என்பதை 2021இல் ஒரிகன் பல்கலைக்கழகத்தின் ஸ்கொட் ஸ்டூவர்ட், கிரின் ஸ்டங்கூனஸ் ஆகியோரின் குழு கண்டறிந்தது. காரணம் பொற்றாசியக் கால்வாய் ஒன்று. எங்கள் இருதயத் துடிப்பின் தாளத்தைக் காக்கும் கால்வாயின் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் கால்வாயில் எந்தப் பழுதும் இல்லை. நிறமூர்த்தத்தின் ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பி ஒட்டிக்கொண்டதால், செட்டையில் வாசிக்கப்படக்கூடாத குறிப்பு வாசிக்கப்பட்டிருக்கிறது. துருசு நல்ல துருசுதான், கட்டப்பட்ட இடம்தான் வேறு.

அந்தப் பல்கலைக்கழகத்தில் ஸ்ட்ரைசிங்கரின் பெயரில் இன்று ஒரு கட்டடம் இருக்கிறது. சர்வதேச வரிமீன் வள நிலையமும் அதே வளாகத்தில்தான். கடையில் வாங்கிய அந்த மீன்களின் வழித்தோன்றல்களை, முட்டையாகவும் உறைய வைத்த விந்தாகவும், கேட்கும் நாடுகளுக்கு அங்கிருந்துதான் பொதிசெய்து அனுப்புகிறார்கள்.